அயலானை நேசிப்பதே நம் சாட்சி

(சபையின் ஆண்டு விழா ஆராதனையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இன்று எதைப்பற்றிப் பேசலாம் என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன். "எதைப் பற்றியும் பேசுங்கோ. ஆனால் பிள்ளைகளுக்கும் விளங்க வேண்டும், சோறு ஆறுவதற்கு முன்னம் முடிக்கவும் வேண்டும்" என்றார். இரண்டையும் செய்யப் பார்க்கிறேன்.

பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையில் தொடங்குகிறேன். லூக்கா சுவிசேஷம் 10ஆம் அதிகாரம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒரு மனிதனைக் கள்ளர் பிடித்து, அடித்து, உடையையும் பறித்துக்கொண்டு, குற்றுயிராக வழியில் விட்டுப் போய்விட்டார்கள். ஆசாரியன் வந்தான், விலகிப் போனான். லேவியன் வந்தான், பார்த்துவிட்டு அவனும் போனான். பிறகு ஒரு சமாரியன் வந்தான். யூதர் வீட்டு வாசலில் ஏறவே தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட இனத்தவன். அவன்தான் மனதுருகி, காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

இந்தக் கதையில் நீங்கள் யாராக இருக்க விருப்பம் என்று ஞாயிறு பாடசாலையில் கேட்டால் எல்லாக் கைகளும் உயரும்: "சமாரியன்! சமாரியன்!" நல்லது. ஆனால் பெரியவர்களிடம் நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். இந்த நாட்டில் நம்முடைய கதை எந்த இடத்தில் தொடங்கியது? சமாரியனின் இடத்திலா? இல்லை. வழியில் கிடந்தவனின் இடத்தில்தான் தொடங்கியது.

1986ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி. நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் கடலில் கடும் மூடுபனி. அந்தப் பனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகள் மிதந்துகொண்டிருந்தன. அவற்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு 155 தமிழர். யுத்தத்துக்குத் தப்பி, ஜேர்மனியிலிருந்து ஒரு கப்பலில் ஏறி, நடுக்கடலில் அந்தச் சிறு படகுகளில் இறக்கிவிடப்பட்டவர்கள். கரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. குடிக்கத் தண்ணீருக்கும் தட்டுப்பாடு.

அவர்களைக் கண்டவர் கஸ் டால்ட்டன் என்ற மீன்பிடிப் படகோட்டி. தன் தொழிலுக்காகக் கடலுக்கு வந்த மனிதர். அன்றைய தொழிலை விட்டுவிட்டு, வானொலியில் உதவிக்கு அழைத்தார். அவரும் அவருடைய ஆட்களும் தங்களிடம் இருந்த உணவையும் தண்ணீரையும் கொடுத்தார்கள். வேறு படகுகளும் வந்தன. 155 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். அவர்களில் பலர் பின்பு ரொறன்ரோவுக்கும் நம்முடைய இந்த மொன்றியலுக்கும் வந்து குடியேறினார்கள்.

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், சொன்னது உண்மையா, அனுமதிக்கலாமா என்ற விவாதமெல்லாம் பிறகு நாடு முழுவதும் நடந்தது. படகில் ஏறியவர்கள் பயத்தில் முதலில் உண்மையைச் சொல்லவில்லை என்பதும் தெரிய வந்தது. ஆனால் அந்தப் பனிக்குள் முதலில் நீட்டப்பட்டது தண்ணீர். கேள்வி பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மறந்துவிடாதீர்கள்.

நான் அந்தப் படகில் வந்தவன் அல்ல. இரண்டு வருடம் கழித்து, விமானத்தில் வந்தவன். ஆனால் எனக்கும் ஒரு சமாரியர் இருந்தார். பார்க் எக்ஸ்டென்சனில் நாங்கள் ஐந்து பொடியள் ஒரு சிறிய வீட்டில் இருந்தோம். கீழ்வீட்டில் ஒரு கிரேக்க அம்மா, எப்போதும் கறுப்பு உடை உடுத்தும் விதவை. அவவுக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குக் கிரேக்கமும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. முதல் பனி கொட்டிய அன்று, ஊரிலிருந்து கொண்டுவந்த மெல்லிய ஜாக்கெட்டோடு நான் வேலை தேடிப் புறப்பட்டதை யன்னலால் பார்த்திருக்கிறா. பின்னேரம் கதவைத் தட்டினா. ஒரு கையில் பருப்பு சூப். மற்றக் கையில் ஒரு கனத்த கோட். செத்துப்போன புருசனுடைய கோட் என்று சைகையால் விளக்கினா. கை நீளம், பூச்சி உருண்டை மணம். அந்தக் கோட்டோடு நான் நான்கு குளிர்காலம் கடந்தேன்.

அவ ஒருநாளும் என்னிடம் "நீ எந்த நாடு, எந்த மதம்" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்கு விளங்கியிராது. சூப்பைத் தருவதற்கு முன் தங்கள் முறைப்படி ஒரு சிலுவை அடையாளம் போட்டா. அது மட்டும் எனக்கு விளங்கியது.

இனி நான் சொல்லப் போவதைச் சொல்ல எனக்கு வெட்கம். ஆனால் சாட்சி என்றால் நல்லதை மட்டும் சொல்வது சாட்சி அல்ல.

சில வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை. டவுன்டவுனில் ஆராதனை முடிந்து, கீழ்மண்டபத்தில் ஐக்கிய விருந்து. வாசலில் நிற்கும் பொறுப்பு எனக்கு. ஒரு மனிதர் வந்து கதவடியில் நின்றார். தாடி, கிழிந்த கையுறை, மூக்கு சிவந்திருந்தது. பிரெஞ்சில் ஏதோ கேட்டார். உள்ளே இருந்து கோழிக்கறி வாசம் அவருக்கும் வந்திருக்கும். நான் ஆங்கிலத்தில், "இது சபை அங்கத்தவர்களுக்கு மட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். மரியாதையாகத்தான் சொன்னேன். ஆசாரியனும் மரியாதையாகத்தான் விலகிப் போயிருப்பான்.

விருந்து முடிந்தது. மூன்று பெரிய ட்ரேயில் சோறு மிச்சம். யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ஏழு வயதுப் பிள்ளை ஒன்று என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அங்கிள், வெளியில நிண்டவர் சாப்பிட்டவரா?" என்று கேட்டது.

"அவர் போயிட்டார், பிள்ளை."

"நீங்கள் போகச் சொன்னபடியால்தானே போனவர்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒரு பெட்டியில் சோறும் கறியும் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். சென் கத்தரின் தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தேன். மெக்கில் மெட்ரோ படிகளில் இறங்கியும் பார்த்தேன். அவரைக் காணவில்லை. அதற்குப் பிறகும் காணவில்லை. அன்றைய குளிர் எவ்வளவு என்பதை அந்தப் பெட்டி என் கையிலேயே ஆறிப்போனபோதுதான் உணர்ந்தேன்.

வீட்டுக்குப் போன பிறகு அந்தக் கோட் நினைவுக்கு வந்தது. எனக்குக் கோட் தந்த கிரேக்க அம்மா எப்போதோ அந்தத் தெருவை விட்டுப் போய்விட்டா. அவவுக்கு நான் திருப்பிக் கொடுக்க முடியாது. கஸ் டால்ட்டனுக்கும் நம்மில் எவரும் திருப்பிக் கொடுக்க முடியாது. அப்படியானால் அந்தக் கடனை யாரிடம் அடைப்பது? கதவடியில் நின்ற அந்த மனிதரிடம்தான் அடைத்திருக்க வேண்டும். கர்த்தர் கடன் வாங்க ஆளை அனுப்பியிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதும்போது, மற்றக் கடன்களை எல்லாம் தீர்த்துவிடச் சொல்லி, அன்பு என்ற கடனை மட்டும் தீராத கடனாக வைக்கிறார் (ரோமர் 13:8). லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில் தேவன் இஸ்ரவேலருக்கு, அந்நியனை நேசிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள்: எகிப்தில் அவர்களும் அந்நியராக இருந்தார்கள். அதாவது, "உங்களுக்குத் தெரியாத ஒன்றையா நான் கேட்கிறேன்?" என்பதுபோல. இந்த வசனத்தை வாசிக்க நம்மைவிடத் தகுதியான சபை எது?

பிள்ளைகளே, அன்பு செய்தால்தான் இயேசு நம்மை ஏற்றுக்கொள்வார் என்று நான் சொல்லவில்லை. அவர் முந்தி நேசித்தார். நாம் பாவத்தில் அடிபட்டுக் கிடந்தபோது அவரே இறங்கி வந்து தூக்கினார். தூக்கப்பட்டவன் மற்றவனைத் தூக்குகிறான். இவ்வளவுதான் விசுவாசத்துக்கும் அன்புக்கும் உள்ள தொடர்பு. காண்கிற சகோதரனை நேசிக்காமல் காணாத தேவனை நேசிக்கிறேன் என்று சொல்ல முடியாது என்பதை யோவான் தம் முதலாம் நிருபத்தில் ஒளிவுமறைவில்லாமல் எழுதிவிட்டார்.

"ஐயா, பயமாக இருக்கிறது. யார் எவர் என்று தெரியாதவர்களை எப்படி?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான பயம். இந்த நகரமே ஒருகாலத்தில் இதைவிடப் பெரிய பயத்துக்குள்ளால் போயிருக்கிறது.

விக்டோரியா பாலத்தால் ஆற்றுக்கு அப்பால் போகிறவர்கள், பாலத்துக்குச் சற்று முன்னால் வீதி நடுவே ஒரு பெரிய கறுப்புப் பாறையைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தும் பார்க்காமல் போயிருப்பீர்கள், நானும் அப்படித்தான். அது ஒரு கல்லறைக் கல். 1847ஆம் ஆண்டு அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து கொடிய பஞ்சம். ஆயிரமாயிரம் பேர் கப்பலேறி இங்கே வந்தார்கள். கப்பலிலேயே டைபஸ் காய்ச்சல் பிடித்திருந்தது. ஆற்றங்கரையில் மரக் கொட்டகைகள் கட்டி நோயாளிகளைக் கிடத்தினார்கள். அங்கே இறந்தவர்கள் சுமார் 6,000 பேர். 1859இல் பாலம் கட்டிய தொழிலாளர்கள், அந்த எலும்புகள் மிதிபடக்கூடாது என்று ஆற்றிலிருந்து பாறையை எடுத்து அங்கே நிறுத்தினார்கள்.

அன்றைக்கு ஊர்ச் சனங்கள் பயந்தார்கள், கோபப்பட்டார்கள். பயப்படக் காரணமும் இருந்தது, அது தொற்றுகிற காய்ச்சல். ஆனாலும் சிலர் உள்ளே போனார்கள். 'கிரே நன்ஸ்' என்று அழைக்கப்பட்ட கன்னியாஸ்திரிகள் போனார்கள். அவர்களில் மிகப் பலர் நோயில் விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். அவர்கள் விழுந்தபோது வேறு சபைக் கன்னியர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். கத்தோலிக்கக் குருமாரும் அங்கிலிக்கன் குருமாரும் நோயாளிகளுக்குப் பணிசெய்து இறந்தார்கள். நகரத்தின் மேயராக இருந்தவர் ஜோன் ஈஸ்டன் மில்ஸ். கொட்டகைகளைக் கட்டுவித்த அவர் தாமே உள்ளே போய் நோயாளிகளைக் கவனித்தார். அதே காய்ச்சல் அவரையும் பிடித்தது. 1847 நவம்பர் 12ஆம் திகதி இறந்தார். பெற்றோரை இழந்த அயர்லாந்துப் பிள்ளைகள் பலரை, பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் தங்கள் வீடுகளுக்கு எடுத்து வளர்த்தன.

அந்த 1847ஆம் ஆண்டிலேயே, உலகத்தின் மறுபக்கத்தில், நம் யாழ்ப்பாணத்தில் ஓர் இளம் அமெரிக்க வைத்தியர் வந்து இறங்கினார். சாமுவேல் பிஸ்க் கிறீன். வயது சுமார் இருபத்தைந்து. மானிப்பாய் ஆஸ்பத்திரி அவர் தொடங்கியது. இங்கேயிருக்கும் சிலருடைய பூட்டன், பூட்டி அந்த ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்திருக்கலாம். வைத்தியர் கிறீன் மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. தமிழைப் படித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, மகப்பேறு பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலம் தெரிந்தால்தான் வைத்தியம் படிக்கலாம் என்றிருந்த காலத்தில், நம் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

இதிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. அயலானை நேசிக்கிறவன் அயலானுடைய மொழியைக் கற்கச் சிரமப்படுகிறான். நாம் இங்கே எத்தனை வருடமாக இருக்கிறோம்? நமக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் எத்தனை வார்த்தை பிரெஞ்சில் பேசுகிறோம்? அன்றைக்குக் கதவடியில் அந்த மனிதர் என்ன கேட்டார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பாடு கேட்டாரா, நேரம் கேட்டாரா, கழிவறை எங்கே என்று கேட்டாரா? முப்பது வருடம் இந்த ஊரில் வாழ்ந்த எனக்கு அது விளங்கவில்லை. பிள்ளைகளே, இதில் நீங்கள் எங்களுக்கு வாத்திமார். பாடசாலையில் படிக்கும் பிரெஞ்சை அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். "போன்ஜூர்" மட்டும் போதாது. "உங்களுக்கு என்ன வேண்டும், உள்ளே வாருங்கள்" என்று சொல்லவும் பழக்குங்கள்.

இனி, செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். பெரிய காரியங்கள் அல்ல.

முதலாவது, பக்கத்துக் கதவு. 2018ஆம் ஆண்டுக் கோடையில் வந்த வெப்ப அலையில் இந்த நகரத்தில் 66 பேர் இறந்ததாகச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. அவர்களில் பலர் வயதானவர்கள், தனியாக இருந்தவர்கள், வீட்டில் குளிரூட்டி இல்லாதவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தண்ணீரில்லாமல் தவிக்கும்போது இந்தப் பக்கம் நாம் ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் மாடியில், உங்கள் படிக்கட்டில் தனியாக இருப்பவர் யார்? பெயர் தெரியுமா? இந்த வாரம் தெரிந்துகொள்ளுங்கள். கடும் வெயில் நாளிலும் கடும் குளிர் நாளிலும் ஒருமுறை கதவைத் தட்டுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு. பக்கத்து வீட்டு முதியவரின் படியில் பனி கொட்டினால், உங்கள் படியை வழிக்கும்போது அதையும் சேர்த்து வழித்துவிடுங்கள். வகுப்பில் புதிதாக வந்து, யாரும் பேசாமல் தனியே இருந்து சாப்பிடும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் போய் இருங்கள். அந்தப் பிள்ளை எந்த நாடு, என்ன சமயம் என்று பார்க்க வேண்டாம். ஆனால் ஒன்று: தெரியாத பெரியவர்களிடம் தனியாகப் போகாதீர்கள். உதவி வேண்டும்போல் தெரிந்தால் ஓடிவந்து எங்களைக் கூப்பிடுங்கள். நாங்கள் எழும்பாவிட்டால் அந்தப் பிள்ளையைப்போல் சட்டையைப் பிடித்து இழுங்கள்.

மூன்றாவது, சத்திரக்காரன். நல்ல சமாரியன் எல்லாவற்றையும் தனியாகச் செய்யவில்லை. சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிப் போனான். நம் டவுன்டவுனைச் சுற்றிலும் அப்படிப்பட்ட சத்திரங்கள் உண்டு. ஓல்ட் புரூவரி மிஷன் 1889ஆம் ஆண்டிலிருந்தும், வெல்கம் ஹோல் மிஷன் 1892ஆம் ஆண்டிலிருந்தும் வீடற்றவர்களுக்கும் ஏழைகளுக்கும் உழைக்கின்றன. இரண்டும் கிறிஸ்தவ விசுவாசத்தினால் தொடங்கப்பட்டவை. யாருக்கு எப்படி உதவுவது என்பது நம்மைவிட அங்குள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும். வருடத்தில் ஒருமுறை நத்தாருக்குப் பழைய உடுப்பு கொடுப்பதோடு நிற்காமல், மாதாமாதம் பணமும் நேரமும் கொடுக்கப் பழகுவோம்.

நான்காவது, நம்முடைய வாசல். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நானும் சில சகோதரர்களும் சகோதரிகளும் ஒரு காரியம் தொடங்கினோம். ஐக்கிய விருந்து நாட்களில் வாசலில் ஒருவர் அல்ல, இருவர் நிற்கிறோம். ஒருவர் கட்டாயம் பிரெஞ்சு தெரிந்த இளைஞர். முதல் ட்ரேயிலிருந்து பத்துப் பெட்டி எடுத்து வைத்துவிட்டுத்தான் பந்தி பரிமாறுகிறோம். மிச்சத்தில் கொடுப்பதில்லை, முதலில் எடுத்து வைக்கிறோம். உள்ளே இருந்து சாப்பிட விரும்பினால் கதிரை உண்டு. உறைப்பு அதிகம் என்று சிலர் தண்ணீர் கேட்பார்கள், அதற்கும் போத்தல் உண்டு. சில நாள் பத்துப் பெட்டியும் போகும். சில நாள் ஒருவரும் வருவதில்லை. பரவாயில்லை. எடுத்து வைப்பது நம் வேலை, அனுப்புவது கர்த்தருடைய வேலை.

இந்தச் சபை தொடங்கிய காலத்தில் நமக்கென்று ஒரு கட்டடம் இல்லை. வேறு மொழி பேசும் விசுவாசிகள் தங்கள் ஆலயத்தின் கதவைத் திறந்து, "உங்கள் பாஷையில் பாடுங்கள்" என்று இடம் தந்தார்கள். திறந்த கதவுக்குள்ளால் வந்தவர்கள் நாம். இத்தனை ஆண்டு கர்த்தர் நம்மை நடத்தினார் என்று இந்த மலரில் பல படங்கள் போட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டு மலரில் ஒரு படமாவது, நம்மில் ஒருவராக இல்லாத ஒருவர் நம்மோடு அமர்ந்து சாப்பிடும் படமாக இருக்கட்டும்.

அந்தப் பிள்ளையின் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. "வெளியில நிண்டவர் சாப்பிட்டவரா?" மத்தேயு 25ஆம் அதிகாரத்தின்படி, ஒருநாள் கர்த்தரும் நம்மிடம் இதைத்தான் கேட்கப் போகிறார். அன்றைக்கு அவர் சொல்லுவார், வெளியே நின்றவர் தாமே என்று. அதற்கு முன்னமே கதவைத் திறக்கும் கிருபையை அவர் நம் எல்லோருக்கும் தருவாராக. ஆமென்.